முனியாண்டி வளைவில் எரியாத பலகை

லெட்சுமியைக் கொன்றது ஈரமான சாலை. அந்தச் சாலை காய்ந்து கிடந்தது என்று உன் இயந்திரத்தைப் பொய் சொல்ல வைத்தது நீ.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் அனுப்பும் செய்திகளை நீ பாதியில் மூடிவிடுகிறாய். படித்ததற்கான நீலக்குறி விழுகிறது, பதில் வருவதில்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. மாதக் கடைசியில் பனிக்கட்டி படியும் நாட்டுக்கு வேலைக்குப் போகிறாய் என்பதே உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை தூர தேசம் போகும்போது அம்மா வழக்கமாக எழுதுவதையெல்லாம் நானும் எழுதுவேன். குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டை நினை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு தீர வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. நம் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. மற்றவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

மற்றவர்களும் படிக்கப்போவதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். டவுனிலிருந்து நம் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில், ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் சரிவும் உள்ள இடத்தில், ரோடு சட்டென்று திரும்புகிறது. மலைச்சுவர்ப் பக்கம் ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம், மேலே ஒரு தகரக் கூரை. அதுதான் முனியாண்டி. நீ பிறப்பதற்கு முன்பு, கொழுந்து பறிக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லோரி ஒன்று அந்த இடத்தில் சரிந்தது. செத்தவர்களுக்காக ஒருவரும் ரோட்டைச் சரிசெய்யவில்லை. நம் ஜனங்களே சூலத்தை நட்டார்கள். அன்றிலிருந்து நம் வண்டி எதுவும் அந்த இடத்தில் வேகமாகப் போனதில்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, ஹார்ன் அடித்து, ஊர்ந்துபோய், சூலத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் நிறுத்தி இறங்கி, ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சுருட்டைக் கொளுத்தி வைப்பார்கள். இத்தனை வருஷத்தில் நம் ஆட்களின் வண்டி எதுவும் அங்கே மறுபடி சரியவில்லை. முனி காப்பாற்றினார் என்று அவர்கள் சொன்னார்கள். மெதுவாகப் போனதால் தப்பித்தீர்கள் என்று நான் சொன்னேன். அதற்காக என்னை நாத்திகக்காரி என்று திட்டினார்கள். நீயும்தான் கேட்டிருக்கிறாய்.

பிறகு சுற்றுலாக் கார் ஒன்று அங்கே சரிந்தது. தோட்டத்துத் தேநீர்க் கடைக்குப் படம் எடுக்க வந்தவர்கள். சாகவில்லை, கை கால் முறிவோடு பிழைத்தார்கள். உடனே தடுப்புக் கம்பி வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, பின்னாலேயே உன் கம்பெனியும் வந்தது. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் நீ மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக அந்த வளைவில் நின்ற நாளில் என்னைவிடப் பெருமைப்பட்டவள் இந்த மலையில் இல்லை. பறிக்கிற இடத்திலிருந்து கூடையோடு ஓடிவந்தேன். தாரைத் தோண்டி அப்பச் சட்டி அளவில் ஒரு வட்டத் தகட்டை நீ பதித்துக்கொண்டிருந்தாய்.

"இது என்னடா?"

"ரோட்டோட நாக்குமா. தண்ணி பட்டா தெரிஞ்சுக்கும். தெரிஞ்சதும் அந்தக் கம்பத்துல இருக்கிற போர்டுல லைட் எரியும். கேமராவும் இருக்கு, கோலாலம்பூர் ஆபீஸ்லருந்தே நாங்க பாத்துக்குவோம்."

"மழை பேஞ்சா எனக்கே தெரியும்லா. அதுக்கு எதுக்கு நாக்கு?"

"மழை பேஞ்சா எல்லாருக்கும் தெரியும். மழை பேயாம ஈரமாவுது பாருங்க, அதான் ஆளைக் கொல்றது."

அப்போதுதான் குளிர்நாட்டுப் பனிக்கட்டியைப் பற்றிச் சொன்னாய். அங்கே ரோட்டின்மேல் கண்ணாடிபோல ஒரு படலம் உறையும், வெறும் தார்போலவே கறுப்பாகத் தெரியும், ஓட்டுகிறவனுக்கு எதுவும் வித்தியாசமாக இருக்காது, பிரேக்கை மிதித்த பிறகுதான் கீழே ரோடே இல்லை என்று தெரியும் என்றாய். இங்கே உறையாது, ஆனால் மூடுபனி இறங்கும்போது அதேமாதிரி மெல்லிய ஈரம் படியும், திரிங்காப்பிலிருந்தும் கியா பார்மிலிருந்தும் வரும் காய்கறி லோரிகள் சிந்திய மண்ணும் எண்ணெயும் அதோடு குழைந்தால் சோப்புத் தண்ணீர்தான் என்றாய். அன்று மாலை முழுக்க லைனில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். போர்டு எரிந்தால் ரோடு வழுக்கும், எரியாவிட்டால் பயமில்லை, என் மகன் வைத்தது, நம்புங்கள் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கணேசன் புது வேனுக்குப் பூசை போட்டான். உன்னோடு ஒரே வகுப்பில் படித்த கணேசன். நீ டவுன் பள்ளிக்கும் பிறகு கோலாலம்பூருக்கும் போனாய், அவன் தோட்டத்து வேனில் ஆள் ஏற்ற வந்தான். மூடுபனி கனமாக இருந்தது. சூலம் மட்டும் தெரிந்தது, அதன் பின்னால் இருந்த மரம் தெரியவில்லை. கணேசன் தேங்காயைத் தலைக்குமேல் சுற்றி ரோட்டில் ஓங்கி உடைத்தான். தண்ணீர் சிதறி ஓடியது. எங்கள் தலைக்கு மேலே, கம்பம் தெரியாத வெள்ளையில், ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் தோன்றின. ஜாலான் லிச்சின். வழுக்கும் சாலை என்று மலாயில் எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருக்கும் மூச்சு வரவில்லை. எதன்மேலும் நிற்காமல் அந்தரத்தில் எழுத்துகள் எரிந்தன, அணைந்தன, மறுபடி எரிந்தன. பக்கத்து வீட்டு லெட்சுமி அப்படியே ரோட்டில் விழுந்து கும்பிட்டாள்.

"ஏய் லெட்சுமி, எந்திரி. தேங்காத் தண்ணி தகட்டுல பட்டுச்சு, அவ்வளவுதான்."

"பட்டா என்ன? தண்ணி பட்டா முனி பேசுறாரு. முன்ன பேச வாய் இல்ல, இப்ப உன் மவன் வாய் வச்சிக் குடுத்திருக்கான்."

"முனிக்கு மலாய் தெரியுமாக்கும்?"

"இந்த ஊர்ல இத்தன வருசமா இருக்காருல்ல, தெரியாமலா போவும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அது நிற்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா, லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பால் ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சூலத்தடியிலிருந்து ரோட்டுக்கு வழியும் எல்லாமே உன் தகட்டின் மேல்தான் போகும். அந்த இடத்தில்தான் நீ பதித்திருந்தாய். எரிந்தால் ஆம், எரியாவிட்டால் இல்லை. சில கேள்விக்கு உடனே எரியும், சிலதற்கு அவர்கள் திரும்பி நடந்து போன பிறகு முதுகுக்குப் பின்னால் எரியும். பின்னால் எரிந்தால் கெட்டது என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

நான் எதையும் நம்பவில்லை. ஆனால் ஒரு நாள் பகல் வேலை முடிந்து தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். மழை இல்லை, தேங்காய் இல்லை, ஒரு ஈ எறும்பு இல்லை. வளைவைத் தாண்டும்போது பலகை எரிந்தது. யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நின்றுவிட்டேன். ரோடு சாம்பல் நிறத்தில் காய்ந்ததுபோலத்தான் தெரிந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், எடுத்தால் கை நனைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை உன் தகடு கண்டுபிடித்திருந்தது. அன்று உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அதுக்குத்தானேமா வச்சிருக்கோம்" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தக் குரல் எப்போது மாறியது? வெயில் நேரத்தில் பலகை எரிகிறது, மேலே வரும் சுற்றுலா வண்டிகள் திடீரென்று பிரேக் போடுகின்றன, பின்னால் வரும் வண்டி இடிக்கப் பார்க்கிறது என்று புகார் போனது. உங்கள் அலுவலகத்தில் கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நம் லைன் பொம்பளைகள் ரோட்டில் பால் ஊற்றிவிட்டுப் பலகையை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அறையே சிரித்தது என்று நீதான் சொன்னாய். யாரோ ஒருவன் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான் என்றும் சொன்னாய். அதில் நானும் நின்றேனா என்று கேட்டேன். நீ பேச்சை மாற்றினாய். அன்று உனக்கு வந்த வெட்கம் எனக்குப் புரியாது என்று நினைக்காதே. தோட்டத்துத் துரைமார் வீட்டு ஆட்கள் முன்னால் நம் ஆட்கள் குனியும்போதெல்லாம் எனக்கும் உடம்பு எரிந்திருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டவன் சிரித்தவனிடம் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். வேண்டாம், தகட்டைப் பெயர்த்துச் சூலத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பதித்திருக்கலாம். அதற்கு ஒரு நாள் வேலையும் ஒரு மூட்டைத் தாரும் போதும். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் காரியத்தை முடித்தாய்.

"அம்மா, உங்க முனி இனிமே பேசமாட்டாரு," என்றாய் போனில்.

"ஏண்டா?"

"லிமிட்ட ஏத்தி வுட்டுட்டேன். கொஞ்சூண்டு ஈரத்த இனிமே கணக்குல எடுக்காது. நல்லா மழை பேஞ்சு தண்ணி ஓடுனாத்தான் எரியும். தேங்கா, பாலு, ஒன்னும் நடக்காது."

"மூடுபனி ஈரம்?"

"அதெல்லாம் பரவால்லமா. பாஸுக்குப் புகார் நிக்கணும், அவ்வளவுதான். எப்படி நிறுத்துனேன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நானும் சொல்லவில்லை. இந்தத் தேங்காய்ப் பைத்தியம் ஒழிந்தது என்று உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் பங்கு எவ்வளவோ அதை நான் சுமந்துகொள்கிறேன். உன் பங்கைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

பலகை பேசாமல் போனது. முதல் வெள்ளிக்கிழமை தேங்காய்மேல் தேங்காயாக உடைத்தார்கள், பால் ஊற்றினார்கள், ஒன்றும் இல்லை. கறுப்புப் பலகை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. லைனில் பேச்சுக் குறைந்தது. யாரோ தீட்டோடு போயிருக்கிறார்கள் என்றார்கள், யாரோ பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார்கள் என்றார்கள். அதே சமயத்தில் தோட்ட ஆபீஸும், வளைவில் வண்டி நிறுத்தக்கூடாது, ரோட்டில் தேங்காய் உடைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவை மீறுவதற்குச் சாமியாவது துணைக்கு இருக்க வேண்டும், சாமியும் வாயை மூடிக்கொண்டது. ஒவ்வொருவராக நிறுத்துவதை விட்டார்கள். பிறகு ஹார்ன் அடிப்பதை விட்டார்கள். நான்தான் சொல்லிவைத்திருந்தேனே, பலகை எரியாவிட்டால் பயமில்லை என்று. முனியை விட்டவர்கள் என் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று காலை மேல்மலைக்குப் பறிக்கப் போன வேனில் நானும் இருந்தேன். கணேசன் ஓட்டினான். லெட்சுமி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். வாந்தி வரும் என்று எப்போதும் அங்கேதான் உட்காருவாள். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. மூடுபனி மட்டும், கண்ணாடியில் ஒட்டிய பஞ்சுபோல. கணேசன் வேகமாகப் போனானா என்று போலீஸ் என்னிடம் கேட்டது. இல்லை. மெதுவாகப் போனானா? அதுவும் இல்லை. எல்லோரும் எல்லா ரோட்டிலும் போவதுபோலப் போனான். வளைவுக்கு முன்னால் அவன் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். பலகை கறுப்பாக இருந்தது. அவன் கியரைக் குறைக்கவில்லை.

சத்தமே வரவில்லை, தம்பி. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டயர் கத்தும், யாராவது அலறுவார்கள் என்று நினைப்போம். ஒன்றும் இல்லை. எண்ணெய் தடவிய தட்டில் இட்டிலி நகர்வதுபோல வேன் பக்கவாட்டில் நகர்ந்தது. என் ஜன்னலில் சூலம் வந்தது, போனது. கறுப்புப் பலகை வந்தது, போனது. மறுபடி சூலம் வந்தது. வேன் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று புரிந்தபோது லெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல இருந்தது அவள் முகம். பிறகு மலைச்சுவர். கதவுப் பக்கம்தான் மோதியது.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ரோட்டில் முழங்காலில் நின்றேன். கை இரண்டும் ரோட்டில் இருந்தன, இரண்டும் நனைந்திருந்தன. ஊர்ந்துபோய் உன் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஈரம், மேலே வழுவழுப்பாக மண். தலையைத் தூக்கினேன். பலகை கறுப்பாகவே இருந்தது. ஈரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு ஈரம் இல்லை என்று சொல்கிற எழுத்தில்லாத பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செத்துவிட்டேனோ, செத்தவர்கள் பார்க்கும் ரோட்டைப் பார்க்கிறேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் வேனின் ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடி வந்தது. சுடுதண்ணீர். என் விரல்களைத் தாண்டித் தகட்டை மூடியது. அப்போது பலகை எரிந்தது.

ஜாலான் லிச்சின். ஜாலான் லிச்சின். எல்லாம் முடிந்த பிறகு. உடைந்த வேனின்மேல் அந்த ஆரஞ்சு வெளிச்சம் விழுந்து விழுந்து எழுந்தது. அடிபட்ட பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபடியே பலகையைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கணேசன் தலையில் ரத்தத்தோடு சூலத்தடியில் போய் விழுந்தான்.

இப்போது உன் இயந்திரத்தின் பதிவைக் கேள். உன் அலுவலகம் அதைத் தோட்டத்துக்கும் போலீசுக்கும் கொடுத்திருக்கிறது. வேன் மோதும்வரை சாலை காய்ந்திருந்தது. மோதிய பிறகு ஈரமானது. ஈரத்துக்குக் காரணம் வேனின் சொந்தத் தண்ணீர். கேமராவில் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். போலீஸ் வந்தபோது வெயில் ஏறி மற்ற ஈரமெல்லாம் உலர்ந்துவிட்டது. ரோடு நனைந்திருந்தது என்று சொன்ன பெண்களிடம், அது ரேடியேட்டர் தண்ணீர் என்று சிரித்துக்கொண்டே விளக்கினார்களாம். காய்ந்த ரோட்டில் வேன் சுற்றுமா? வேகமாகப் போனால்தான் சுற்றும். ஆகவே கணேசன் குற்றவாளி. வேலை போய்விட்டது. வேலை போனால் லைன் வீடும் போகும், உனக்குத் தெரியும். அவன் மனைவி கவிதா சாமான்களை ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் கோர்ட்டு.

நான் தோட்ட ஆபீசுக்குப் போனேன். கணக்கெழுதும் கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ போனில் சொன்னதையும் சேர்த்து. ஆமாம், சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க பையன் சொன்னதுக்கு என்னம்மா சாட்சி?"

"நான்தான் சாட்சி. என் காதுல சொன்னான்."

"அந்தக் கம்பெனி மெஷின் சரியா இருந்துச்சுன்னு சொல்லுதுல்ல. நீங்க கொழுந்து பறிக்கிறவங்க, மெஷினப் பத்தி நீங்க சொன்னா கோர்ட்டுல எடுபடுமா? கோவிச்சுக்காதீங்க. உங்க பையன் வந்து அவர் வாயால சொல்லட்டும். சொன்னா மானேஜரே ஒன்னும் பண்ண முடியாது."

அதற்கு மேல் அவரிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், பத்திரிகையில் போட மாட்டார்கள்.

பிறகு கணேசனைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உன் பெயரைச் சொல்லி, நீ பலகையை மாற்றியதைச் சொல்லி, இது உன் குற்றம் இல்லையடா என்றேன். அவன் திரும்பவே இல்லை.

"மச்சான் மேல பழி போடாதீங்க அத்தை."

"பழி இல்லடா, உண்ம. அவனே எங்கிட்டச் சொன்னான்."

"நான் ஹார்ன் அடிக்கல அத்தை. போர்டப் பாத்தேன், எரியல, சரின்னு போய்ட்டேன். முனியப் பாக்கவே இல்ல. அதான் அடிச்சிட்டாரு. அடிச்சதும் எரிஞ்சிச்சே, பாத்தீங்கல்ல? நான்தான்டான்னு சொல்லிட்டுப் போனாரு."

"அது ரேடியேட்டர் தண்ணிடா!"

"எதுல பேசுனா என்ன? கோர்ட்டுல கேட்டா ஆமான்னு சொல்லப்போறேன். என் தப்புத்தான். லெட்சுமிக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

புரிகிறதா உனக்கு? அவன் முனிக்கு முன்னால் ஒத்துக்கொள்கிற குற்றத்தைக் கோர்ட்டு வேறு கணக்கில் எழுதிக்கொள்ளும். முனியிடம் அபராதம் ஒரு சேவலோடு முடியும். கோர்ட்டில் ஜெயிலுக்கும் போகலாம். அவன் நம்பிக்கையை என்னால் உடைக்க முடியவில்லை. என் பேச்சு உடைக்காது. நீ நேரில் வந்து, அவன் முகத்தைப் பார்த்து, மச்சான் அது நான் செய்தது என்று சொன்னால் உடையலாம்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் வளைவு வழியாக நடந்து வந்தேன். வண்டிகள் இப்போது அங்கே மறுபடி ஊர்கின்றன, பயத்தில். ஒன்றும் தெரியாத மூடுபனி. மேலேயிருந்து ஒரு வேன் இறங்கும் சத்தம் கேட்டது, ஹார்ன் கேட்டது. ஒதுங்கிச் சுவரோரம் நின்றேன். சத்தம் நெருங்கியது, என் முன்னால் கடந்தது, கீழே போய் ஓய்ந்தது. வேன் வரவில்லை. பள்ளத்துக்கு எதிர்ப்பக்க ரோட்டில் போன வண்டியின் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெடுநேரம் நின்றேன். ரோட்டைத் தொட்டேன், நனைந்திருந்தது. பலகையைப் பார்த்தேன். எரியவில்லை, இன்றைக்கும் நீ அந்த லிமிட்டை மாற்றி வைக்கவில்லை. நாளைக்கு அங்கே எந்த வேன் வரும், கதவோரம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீ யோசித்ததுண்டா?

உன் அப்பாவுக்கு இந்தக் கடிதம் பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"ஒரே புள்ள. இந்த மலைய விட்டு வெளியேறுன ஒரே புள்ள. அவனையும் இழுத்துக் கீழ போடணுமா?"

"கணேசன் யாரு பெத்த புள்ளையோ, கீழயே கெடக்கட்டுமா?"

"அவன் வந்து சொன்னா வேல போயிரும்டி. வெளிநாடும் போயிரும்."

"போவட்டும்."

"உனக்கு மனசே இல்ல."

அவர் வெளியே போய் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். உன் வேலை போகும். பாஸ் உன்னைக் காட்டிக்கொடுத்துத் தான் தப்பித்துக்கொள்வார். நம் ஆட்களைப் படம் போட்டுச் சிரித்தவர்கள் உனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் மலைக்குப் போனால் உன் தலைக்குத் துண்டைச் சுற்றி அடுப்பு ஓரத்தில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவள் லெட்சுமி. அவள் சாவுக்கு நீ வந்தாய், மாலை போட்டாய், சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாய். கணேசன் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது, நடந்ததற்குக் காரணம் எது என்று உனக்கும் தெரியும் என்று.

இனி நீ போகும் நாட்டில் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படியுமாம். அதைக் கண்டுபிடிக்கும் தகடுகளை நீ பதிக்கப்போகிறாய். நல்ல வேலை. நன்றாகச் செய். ஆனால் அங்கேயும் யாருக்காவது பலகை எரிவது பிடிக்காமல் போகும். கடைக்காரன் புகார் சொல்வான், பாஸ் முகத்தைச் சுளிப்பார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு எண்ணை ஏற்றிவிடலாம் என்று உனக்கும் தோன்றும். அப்போது என் கை ஞாபகத்துக்கு வர வேண்டும், உன் தகட்டின்மேல் விரித்து வைத்த, நனைந்த கை. அதைத் தவிர உனக்குக் கொடுத்தனுப்ப என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. கம்பளிச் சட்டை வாங்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

ஆனால் போவதற்கு முன்னால் வா. கணேசன் கோர்ட்டில் வாய் திறப்பதற்கு முன்னால் நீ வாய் திற. வர முடியாது என்றால் போனையாவது எடு. நான் அழமாட்டேன், திட்டமாட்டேன், ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். இதை எழுதி முடித்துவிட்டு இப்போதும் கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்து ஓய்ந்தது. சரி, இங்கேயே கேட்கிறேன், எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். சொல். அன்று காலை ரோடு ஈரமாக இருந்ததா, இல்லையா?